சூடாறாப்பெட்டியும் 500 யூனிட் எல்லையும்

கேரளத்து மட்டை அரிசி வேக நேரம் பிடிக்கும். பொன்னியில் பழகிய குடும்பம் கொச்சியின் வல்லார்பாடம் தீவுக்குக் குடிவந்தால் முதல் வாரத்திலேயே இது தெரிந்துவிடும். பானையில் போட்டால் அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். குக்கரில் வைத்தால் கஞ்சி வடிக்க வழியில்லை, சோறும் குழைந்துவிடும். கண்டெய்னர் முனையத்தை ஒட்டிய வேலைகளுக்காக வந்து இங்கே வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் சிலிண்டர் சீக்கிரம் காலியாவதற்கு இந்தச் சோறு ஒரு பெரிய காரணம். மட்டையை விட்டுவிட்டுப் பொன்னிக்குத் திரும்ப வேண்டியதில்லை. அதற்கான வழியைக் கேரளம் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அதுதான் சூடாறாப்பெட்டி, கொதித்த பானையைச் சூடு ஆறாமல் வைத்து வேகவிடும் பெட்டி.

இதை வீடு வீடாகக் கொண்டுபோனது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். 1962இல் கோழிக்கோட்டில் தொடங்கிய அமைப்பு அது. மலையாளத்தில் அறிவியல் எழுத வேண்டும் என்று கூடியவர்கள், பிறகு அறிவியலைச் சமையலறைக்கே கொண்டுவந்தார்கள். 1980களில் விறகு மிச்சமாகும் புகையில்லா அடுப்பைப் பரப்பினார்கள். ‘பரிஷத் அடுப்பு’ என்றால் இன்றும் வயதானவர்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் முண்டூரில் அவர்களுடைய ஊரகத் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. சூடாறாப்பெட்டியும் அவர்கள் பரப்பியதுதான். இன்று கடைகளில் எவர்சில்வரில் பளபளப்பாகக் கிடைக்கும் ‘தெர்மல் ரைஸ் குக்கர்’ இதே வேலையைத்தான் செய்கிறது. காசு கொடுத்து அதை வாங்கலாம். ஆனால் வீட்டில் கிடக்கும் பொருளை வைத்தே ஒன்று செய்துகொள்ள முடியும் என்பதால் செய்முறையைச் சொல்கிறேன்.

முதலில் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் கொதித்த பிறகு அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் பானைக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதற்குமேல் எரியும் கேஸ் ஆவியாகவும் அனலாகவும் சமையலறைக்குள் போகிறது. அரிசி வேக அந்தச் சூடு உள்ளே தங்கினால் போதும், புதிய நெருப்பு தேவையில்லை. உலகப் போர்க் காலங்களில் விறகுக்கும் கரிக்கும் தட்டுப்பாடு வந்தபோது ஐரோப்பிய வீடுகளில் பெட்டிக்குள் வைக்கோலை அடைத்து இப்படித்தான் சமைத்தார்கள்.

பெட்டி செய்யும் விதம்

உங்கள் வீட்டுச் சோற்றுப் பானையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். அதைவிட 20 சென்டிமீட்டர் அகலமான பெட்டி வேண்டும். அப்போதுதான் சுற்றிலும் 10 சென்டிமீட்டருக்கு அடைப்பு வரும். உயரத்துக்கும் அதே கணக்கு, கீழே 10, மேலே 10. கடைத்தெருவில் சும்மா கிடைக்கும் கெட்டியான அட்டைப்பெட்டி போதும். பழைய மரப்பெட்டி இருந்தால் இன்னும் நல்லது.

மீன் வரும் தெர்மோகோல் பெட்டி இந்தப் பக்கத்தில் எங்கும் கிடைக்கும். அதைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை: கொதிக்கும் பானை தெர்மோகோலில் நேராகப் பட்டால் அது இளகிவிடும். நடுவில் கனமான பருத்தித் துணியோ நாரோ கட்டாயம் இருக்க வேண்டும். மீன் வாடையும் லேசில் போகாது.

அடைப்புக்குத் தேங்காய் நார் சிறந்தது. இந்தத் தீவில் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நாரை நன்றாக உலர்த்தி, கையால் பிரித்து, பழைய வேட்டியில் தைத்த பைகளில் அடையுங்கள். அமுக்கித் திணிக்காதீர்கள். சூட்டைப் பிடித்து வைப்பது நாருக்குள் நிற்கும் காற்றுதான். அமுக்கினால் காற்றுக்கு இடமிருக்காது. பழைய இலவம்பஞ்சுத் தலையணை இருந்தால் அதுவும் அருமையான அடைப்பு. அடிக்கு ஒரு பை, சுற்றுக்கு நீளமான ஒரு பை, மேலே மூட ஒரு தலையணை. நடுவில் பானை இறுக்கமாக உட்காரும் குழி இருக்க வேண்டும். இடுக்கு இருந்தால் அந்த வழியாகவே சூடு போய்விடும், பழைய துணியைச் செருகி அடையுங்கள்.

செய்து முடித்ததும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சோறு வைக்க வேண்டும். பானை நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மூடி, பெட்டிக்குள் வைத்து இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 70 டிகிரிக்குக் குறையாமல் காட்ட வேண்டும். குறைந்தால் அடைப்பு போதவில்லை என்று பொருள்.

சோறு வைக்கும் விதம்

மட்டை அரிசியை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஊறினால் நல்லது. ஒரு பங்கு அரிசிக்கு நான்கு பங்கு தண்ணீர். கொதி வந்ததும் அரிசியைப் போட்டு, மறுபடி கொதி வந்ததிலிருந்து 10 முதல் 15 நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். கடைசி இரண்டு நிமிடம் மூடி போட்டே கொதிக்க வேண்டும். மூடியும் சூடேறினால்தான் பெட்டிக்குள் போனதும் அது சூட்டை உறிஞ்சாது. அடுப்பை அணைத்த கையோடு பானையைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்துத் தலையணையால் மூடுங்கள். இங்கே தாமதம் கூடாது. அதனால் பெட்டி அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், நெருப்பு படாத தூரத்தில்.

பிறகு ஒன்றரை மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். வெந்ததா என்று ஒருமுறை திறந்து பார்த்தால் ஆவியோடு சூடும் போய்விடும். காலையில் வேலைக்குக் கிளம்பும் வீட்டுக்கு இதுவே பெரிய வசதி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து திறந்தால் சோறு வடிக்கத் தயாராக இருக்கும். அடிப்பிடிக்காது, பொங்கி வழியாது. மட்டை அரிசி ரகத்துக்கு ரகம் மாறும், முதல் தடவை கொஞ்சம் நறுக்கென்று இருந்தால் அடுத்த தடவை அடுப்பு நேரத்தில் மூன்று நிமிடம் கூட்டுங்கள்.

பச்சரிசிக்கு அடுப்பில் ஐந்து நிமிடம் போதும். ஊறவைத்த பயறு சேர்த்த கஞ்சி இதில் மிக நன்றாக வரும். கொண்டைக்கடலை, துவரம்பருப்புக்குக் குக்கர்தான் சரி. விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அணைத்த பிறகு ஆவி தானாக இறங்கும்வரை விடுங்கள். மீன் குழம்புக்குப் பெட்டி வேண்டாம், அது அடுப்பிலேயே சீக்கிரம் முடிந்துவிடும். மரவள்ளிக் கிழங்குக்கும் வேண்டாம், அதை வேகவைத்துத் தண்ணீரை வடித்தே ஆக வேண்டும்.

பானை முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். ஒருவருக்கான ஒரு பிடி அரிசியைப் பெரிய பானையில் வைத்தால் சூடு நிற்காது. இன்னொன்று, 60 டிகிரிக்குக் கீழே போன சோற்றில் கிருமி பெருகும். காலையில் வைத்ததைச் சாயங்காலம்வரை பெட்டியில் விடாதீர்கள். கொச்சியின் புழுக்கத்தில் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது.

மிச்சம் எவ்வளவு? வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் நடுத்தரத் தீயில் மணிக்குச் சுமார் 150 கிராம் கேஸ் எரிக்கும். சிம்மில் வைத்தால் ஏறக்குறைய அதில் பாதி. தினம் அரை மணி நேரத்துக்கு மேல் சிம்மில் எரிவது நின்றால் நாளுக்கு 40 கிராமாவது மிஞ்சும். மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். 14.2 கிலோ சிலிண்டரில் இது சின்னத் தொகை இல்லை.

மழைக்காலத்தில் நார் ஈரம் கோக்கும், கரப்பானும் குடியேறும். வெயில் தலைகாட்டும் நாளில் பைகளை வெளியே எடுத்துக் காயப் போட்டால் இரண்டும் தீரும்.

வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள். குடிக்கலாம், மிச்சத்தைத் தண்ணீர் விட்டு வடிகட்டி வேட்டிக்கும் பருத்திப் புடவைக்கும் கஞ்சி போடலாம். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில், 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்த வண்ணான்துறையில், தலைமுறை தலைமுறையாகத் துவைக்கும் தமிழ் வண்ணார்கள் அரிசிக் கஞ்சியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கே துணி காயப் போடும் விதத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, முறுக்குக்குள் துணி முனையைச் செருகிவிடுவார்கள். கிளிப்பே வேண்டாம். வீட்டு மாடியிலும் இதைச் செய்யலாம்.

மின்கட்டணம்

கேஸ் மிச்சம் என்று எல்லாவற்றையும் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாற்றுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கேரள மின்வாரியம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் தருகிறது. மாதம் 250 யூனிட்வரை அடுக்கடுக்கான கணக்கு, அதாவது முதல் 50 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 50க்குக் கொஞ்சம் கூடுதல் என்று ஏறும். 250ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது எல்லைக்கோடு. 501 வந்தால் அந்த ஒரு யூனிட்டுக்காக முழு பில்லும் ஏறும். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், அங்கேயும் 500ஐத் தாண்டினால் நடு அடுக்குகளின் மலிவு விலை கிடைக்காது. இரண்டு ஊர்க்காரர்களுக்கும் இது பொருந்தும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். ரீடிங் எடுக்க ஆள் வந்துபோன அன்று பில்லில் உள்ள எண்ணைக் காலண்டரில் எழுதுங்கள். முப்பதாம் நாள் மீட்டரைப் பாருங்கள். திரை மாறி மாறிப் பல எண்களைக் காட்டும், கிலோவாட்மணி என்ற அலகோடு வருவதுதான் உங்களுக்கு வேண்டியது. வித்தியாசம் 250க்கு மேல் இருந்தால் இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது. ஏசியை இரண்டு மணி நேரம் முன்னாலேயே அணைத்து ஃபேனில் சமாளிக்கலாம். இஸ்திரியைத் தினமும் ஒவ்வொரு சட்டையாகப் போடாமல் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போடலாம்.

புது ஃபேன் வாங்கும் நேரம் வந்தால் பிஎல்டிசி வகையைப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட், இது சுமார் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் குறையும். எல்லைக்கோட்டில் நிற்கும் வீட்டுக்கு அந்த 32 யூனிட் விலைமதிப்பில்லாதது. நன்றாக ஓடும் ஃபேனைக் கழற்றிப்போட்டு வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன், முதலில் அதிக நேரம் ஓடும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

தண்ணீர்

நாலு பக்கமும் காயல், குடிக்கத்தான் தண்ணீர் இல்லை என்பது வல்லார்பாடம் உள்ளிட்ட கோஸ்ரீ தீவுகளின் பழைய துயரம். 2004இல் நகரத்தோடு இணைக்கும் பாலங்கள் வந்த பிறகும் கோடையில் குழாயை நம்பி நிற்கும் வீடுகள் உண்டு. கிணறு தோண்டினால் உப்பு. ஆனால் வானத்திலிருந்து ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டுகிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 20 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக 800 லிட்டர் பிடிக்கலாம்.

கூரை ஓரத்தில் பாதி அறுத்த பிவிசி குழாயைச் சரிவாகக் கட்டி, முனையை மூடியுள்ள டிரம்முக்கு விடுங்கள். பருவத்தின் முதல் மழைகளைப் பிடிக்க வேண்டாம், கூரையின் தூசி கழுவிப்போகட்டும். பிறகும் ஒவ்வொரு மழையிலும் முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விடுங்கள். டிரம் வாயில் இரண்டு மடிப்புப் பருத்தித் துணி, அதன்மேல் கொசுவலை. டெங்கு பயம் உள்ள ஊரில் வலையைத் தவிர்க்கவே கூடாது. துவைக்க, பாத்திரம் கழுவ, கழிப்பறைக்கு இந்தத் தண்ணீர் போதும். மோட்டார் ஓடும் நேரமும் குறையும்.

குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சும்போது தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் போதும், கிருமி செத்துவிடும். பத்து நிமிடம் கொதிக்கவிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அதில் கேஸ்தான் வீணாகும். பதிமுகக் கட்டைச் சீவலோ சீரகமோ போடுகிறவர்கள் அணைக்கும்போது போட்டு மூடிவையுங்கள், நிறமும் மணமும் தானாக இறங்கும்.