வீட்டின் தன்னிறைவும் குறைமாதக் கணக்கும்

தை, மாசி மாதங்களில் குடியானவர் வீட்டில் குறைவென்பது தோன்றுவதில்லை. சம்பா நெல் களஞ்சியத்திற்கு வந்திருக்கும். கொல்லைப் பந்தலில் அவரை காய்த்துத் தொங்கும். அம்மாதங்களைக் கண்டு, நம் வீட்டிற்கு வெளியிலிருந்து யாதும் வரவேண்டுவதில்லை என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் ஒரு வீட்டின் தன்னிறைவை அளக்கவேண்டுவது நிறைந்த மாதத்தைக் கொண்டன்று. குறைந்த மாதத்தைக் கொண்டேயாம்.

1942-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இரங்கூன் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. அதன் பின்னர், சென்னை மாகாணத்திற்குக் கப்பல் வழியாக வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோயிற்று. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் தேதி தொடங்கிய ஊரடங்கின்போது சந்தைகள் பல மூடப்பட்டன. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையால் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் பாதைகள் அறுபட்டுக் கிராமங்கள் பல தனித்து நின்றன. காரணங்கள் வெவ்வேறாயினும் பலன் ஒன்றே: வண்டி வராத நாளில் வீட்டிலுள்ளதே உணவு. சந்தையை அறவே விட்டுவிட வேண்டுமென்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. சந்தை நின்றாலும் அடுப்பு நிற்காதிருக்க வழி செய்துகொள்ள வேண்டுமென்பதே நோக்கமாகும்.

முதலில் செய்யவேண்டிய கணக்கு

ஒரு தாளில் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டங்கள் வரைந்துகொள்க. ஒவ்வொரு மாதத்திலும் வீட்டில் விளைந்து கிடைக்கும் தானியம், பயறு, காய், கீரை, முட்டை ஆகியவற்றை அவ்வக் கட்டத்தில் குறித்துவருக. பெரும்பாலான வீடுகளில் இரண்டு இடங்கள் வெறுமையாக நிற்கும். ஒன்று, தண்ணீர் குறையும் சித்திரை, வைகாசி. மற்றொன்று, அடைமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை. இவ்விரு வெற்றிடங்களையும் நிரப்புவதற்காகவே தோட்டமும் கோழியும் சேமிப்பும் அமைதல் வேண்டும்.

காய்கறித் தோட்டம்

வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 300 கிராம் காய்கறி வேண்டுமெனக் கொண்டால், ஐவர் உள்ள குடும்பத்திற்கு மாதம் 45 கிலோ வேண்டும். ஐந்து செண்டு நிலம், அதாவது ஏறக்குறைய 2,200 சதுர அடி, இதில் பெரும்பகுதியைத் தரவல்லது. ஆனால் முழுவதையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரு மாதம் மிகுந்தும் மறுமாதம் இன்றியும் போகும். ஆகையால் பட்டமறிந்து பிரித்து விதைத்தல் அவசியம்.

ஆடி மாதத்தில் அவரை, புடல், பாகல், பூசணி ஆகியவற்றை ஊன்றி, கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று விடலாம். புடலும் பாகலும் புரட்டாசி முடிவிற்குள் காய்க்கும். பந்தல் அவரை பனிக்காலத்தில் காய்க்கும். இடையிலுள்ள மழைக்காலத்தில் கீரைப் பாத்திகள் அழுகிப்போவது வழக்கம். அவ்வமயம் உதவுவது நன்கு முற்றிய பூசணியேயாகும். காம்போடு அறுத்து, ஒன்றோடொன்று முட்டாமல் காற்றோட்டமான பரணில் வைத்தால் அது இரண்டு மூன்று மாதங்கள் கெடாதிருக்கும்.

தை மாதத்தில் வெண்டையும் கொத்தவரையும் விதைத்தால் பங்குனி முதல் பறிக்கலாம். கொத்தவரை வெயிலைத் தாங்குவது; மிகுந்ததை வற்றலாக்கவும் ஏற்றது. சித்திரை, வைகாசியில் நட்ட சேனை தை மாதத்தில் கிழங்கு தரும். தண்ணீர் மிகக் குறைந்த இடத்திலும் வேலியோரத்து முருங்கையும் அகத்தியும் இலை கொடுக்கும். அடுக்களையிலிருந்தும் குளிக்குமிடத்திலிருந்தும் செல்லும் நீரை வாழைக்கும் சேம்பிற்கும் திருப்பிவிடுக. தோட்டத்திற்குக் கோழி புகாத வேலி முதற்கண் தேவை; இல்லாவிடில் ஒரு காலைப்பொழுதில் நாற்றனைத்தும் கிளறப்பட்டுப் போகும்.

கோழி வளர்ப்பு

நாட்டுக்கோழி ஆண்டிற்குச் சுமார் 60 முதல் 80 முட்டை வரை இடும். எண்ணிக்கை சிறிதாயினும், சிந்திய தானியத்தையும் புழுபூச்சியையும் தின்று வாழ்வதால் அதற்கான செலவும் சிறிது. அடைக்கு 10 அல்லது 12 முட்டைகளே போதுமானவை. ஒரு வாரத்திற்கு மேற்பட்ட பழைய முட்டைகளை வைக்கலாகாது. ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கின் எதிரே முட்டையைப் பிடித்துப் பார்த்து, கரு வளராதவற்றை நீக்கிவிடலாம். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு வெளிவரும். உலர்ந்த சாணத்தையும் கிழிந்த கோணியையும் பானையிலிட்டு நீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் குஞ்சுகளுக்கு நல்ல இரை கிடைக்கும்.

கோழி வளர்ப்போரை நஷ்டப்படுத்துவது பெரும்பாலும் வெள்ளைக் கழிச்சல் என்னும் நோயே. அது வந்தபின் தீர்க்கும் மருந்தில்லை. வருமுன் காத்தலே வழி. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசியும் போடுவித்தல் வேண்டும். பத்துக் கோழிகளுக்கு மருந்து போட்டு இரண்டை விட்டுவிடுவது சிக்கனமன்று. அண்டை வீட்டார் விட்டாலும் ஆபத்தே. ஆதலால் தெரு முழுவதும் ஒரே நாளில் போடுவிப்பது நன்று.

சேமிப்பு

விளைவிப்பதைக் காட்டிலும் விளைந்ததைக் காப்பதிலேயே நம்மவர் கவனம் குறைகின்றது. உதாரணமாக, ஒரு குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 2 கிலோ அரிசி செலவாயின், வருஷத்திற்குச் சுமார் 720 கிலோ அரிசியும், அதற்கு ஏறக்குறைய 1,080 கிலோ நெல்லும் வேண்டும். வண்டும் எலியும் ஈரமும் சேர்ந்து நூற்றுக்கு ஐந்து பங்கு அழித்தால், 54 கிலோ நெல், அதாவது 36 கிலோ அரிசி போயிற்று. அது அக்குடும்பத்தின் பதினெட்டு நாள் சோறு. அந்தப் பதினெட்டு நாளும் தை மாதத்தில் தெரிவதில்லை. அடுத்த அறுவடைக்கு முன்னர்தான் தெரியவரும்.

நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14 பங்கிற்கு மேற்படலாகாது. பயறு வகைகளை 10 பங்கு வரை காயவைப்பது நலம். காய்ந்த தானியத்தை வெயிற்சூடு ஆறியபின் மூட்டை கட்டுக. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகைமீது, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குக. பழைய சாக்குகளை வெந்நீரில் நனைத்துக் காயவைத்த பின்னரே பயன்படுத்துக. பழந்தானியத்தோடு புதியதைக் கலவாதீர்.

பயற்றை அழிக்கும் வண்டு வயலிலேயே நெற்றின்மீது முட்டையிட்டு, அறியாவண்ணம் வீடு புகுகின்றது. துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைக்கும் பழைய முறை நல்ல முறையே. சிறிய அளவாயின் கிலோவிற்கு 5 முதல் 10 மில்லி சமையல் எண்ணெயைச் சீராகப் பூசி வைக்கலாம். வேப்பிலை போட்டுவிட்டோம் என்று உலர்த்துதலில் அசட்டை செய்வது தவறு. வண்டிற்கென விற்கப்படும் நச்சுப்புகை மாத்திரைகளைக் குடியிருக்கும் வீட்டில் ஒருபோதும் வைக்கலாகாது. அப்புகை மனிதரையும் கொல்லும்.

பூசணம் பிடித்த நிலக்கடலையைத் தாமும் உண்ணாது, கோழிக்கும் போடாது அழித்துவிட வேண்டும். 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணமென்று ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. சேமிப்பறையிற் செய்த பிழை கோழிக்கூட்டில் வெளிப்படும் என்பதற்கு இது போதிய சான்றாகும்.

நெல் ஒன்றையே நம்பாது, ஒரு மூட்டை கேழ்வரகும் வைத்திருப்பது விவேகம். நன்கு காய்ந்த கேழ்வரகை வண்டு எளிதில் அண்டாது. பல ஆண்டுகள் கெடாதிருக்கும். மணத்தக்காளி, சுண்டைக்காய் வற்றல்களும் புளியும் கோடை வெயிலிலேயே பக்குவப்படுத்தி வைக்கத்தக்கவை.

கிராம அலுவலர்கள் செய்யத்தக்கது

மேற்கூறியவற்றுள் சில, தனி வீட்டாரால் மட்டும் முடிவன அல்ல. கோடைக்கு முன்னரே கோழிகளுக்குத் தடுப்பூசி முகாம் நடத்தக் கால்நடை மருத்துவரை அழைப்பதும், மழைக்கு முன்னர்க் கிராமத்தின் உலர்களத்தைச் செப்பனிடுவிப்பதும், கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் முன்னின்று செய்யத்தக்க காரியங்கள். வெள்ளம் சூழக்கூடிய ஊர்களில், எந்தத் தெருவில் எத்தனை வீடுகளில் பத்து நாள் உணவு இராது என்பதைப் புரட்டாசியிலேயே அறிந்து வைப்பது பேருதவியாகும். நிலமுள்ளோர் வீட்டுக் களஞ்சியம் நிறைந்திருந்தும் அடுத்த தெருவில் உலை ஏறாதிருந்தால், அவ்வூரைத் தன்னிறைவு பெற்றதென்று சொல்லுதல் பொருந்தாது.

இவையனைத்தையும் ஒரே ஆண்டில் தொடங்கவேண்டுவதில்லை. இவ்வாண்டு பன்னிரண்டு கட்டங்களை வரைந்து, வெறுமையான ஒரு மாதத்தை மட்டும் தெரிந்தெடுத்து, அதனை நிரப்ப முயல்க. அடுத்த ஆண்டு மற்றொன்று. வீட்டுப் பெண்மக்களைக் கலந்தே அக்கணக்கை எழுதுக. எந்த மாதத்தில் எது குறைகிறதென்பதை அவர்களே நன்கறிவர்.