டிக்கெட்டில் ஒன்றேகால் மணி, கணக்கில் ஐந்து மணி

வரி அப்பீல், டீலர் கூட்டம், கண்காட்சி என்று மதுரை வியாபாரிகள் பலர் இப்போது சென்னைக்கு விமானத்தில் போய் வருகிறோம். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி என்று பார்த்ததும், காலையில் போய்க் கடை சாத்துவதற்குள் திரும்பிவிடலாம் என்று தோன்றும். லாரி வாடகையையும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலியையும் விட்டுவிட்டு அடக்க விலை போடுகிற மாதிரிதான் இது.

முதலில் தூரம். சாலை வழி சுமார் 460 கிலோமீட்டர். ரயில் பாதை 490-ஐ ஒட்டி வரும். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் 420-க்குச் சற்றுக் குறைவு. ஆகவே தூரத்தில் மிச்சம் அதிகமில்லை, மிச்சமெல்லாம் வேகத்தில்தான்.

ஜெட் விமானம் மேலே போனபின் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் போகும். அப்படியானால் அரை மணியில் சேர வேண்டுமே என்று கேட்கலாம். டிக்கெட்டில் போடும் நேரம், விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறை வரும் வரை காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது, சென்னை வானத்தில் இடம் கிடைக்காமல் வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரமே. அதனால்தான் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் ஏ.டி.ஆர். என்ற விசிறி விமானமும் ஏறத்தாழ கால் மணி, இருபது நிமிடம்தான் பிந்தி வருகிறது.

இனி வாசலுக்கு வாசல் கணக்கு. கீழமாசி வீதியிலிருந்து விமான நிலையம் போக முக்கால் மணி. ஒன்றரை மணி முன்னதாக அங்கே இருக்க வேண்டும். புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்பே கவுண்டரை மூடும் கம்பெனிகள் உண்டு. பயணம் ஒன்றேகால். பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. மீனம்பாக்கத்திலிருந்து பாரிமுனைக்கு ஒரு மணி. ஆக ஐந்து மணி. வைகை எக்ஸ்பிரஸில் போனால் வீட்டிலிருந்து எட்டு, எட்டரை மணி ஆகும். விமானத்தில் மிச்சம் மூன்று மணி, அவ்வளவே.

2016-ல் இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். சென்னையில் காலை பத்தரைக்கு வரி வழக்கு விசாரணை. ஒன்பது மணிக்கு இறங்கும் விமானம் போதும் என்று இருந்துவிட்டேன். விமானம் இருபது நிமிடம் தாமதம், பெட்டி வரவும் தாமதம், வெளியே மழை. பதினொன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். வாய்தா வாங்கி, இன்னொரு முறை போக வேண்டியதாயிற்று. வக்கீலுக்கும் இரண்டாம் முறை பீஸ்.

அதிலிருந்து காலை வேலை என்றால் இரவு ரயில்தான் எனக்கு. படுத்து எழுந்தால் சென்னை; தூங்கிய நேரத்தைச் செலவில் எழுதுவதில்லை. பிற்பகல் வேலைக்கும், வேலை முடிந்து ஊர் திரும்பவும் விமானம் சௌகரியம். பெட்டியைக் கையோடு வைத்துக்கொண்டால் அரை மணி குறையும்.

மார்கழிக் காலைகளில் மட்டும் நம்பக்கூடாது. 2018 போகியன்று டயரும் பாயும் எரித்த புகையில் சென்னை ஓடுபாதையே தெரியாமல், பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. பொங்கல் சரக்குக்காகச் சென்னை போகிறவர்கள் போகிக்கு முந்தின நாளே வேலையை முடித்துக்கொள்வது நல்லது.