கடலில் எறிந்த சரக்கு யாருடைய நஷ்டம்?

கப்பலில் ஏற்றிய சரக்கு கரை சேரும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. புயலும் பாறையும் கொள்ளையரும் வழியில் உண்டு. ஆதலின் கடல் வாணிகத்தில் இலாபம் எவ்வளவு என்னும் கேள்விக்கு முன்னரே, நஷ்டம் நேர்ந்தால் அதைத் தாங்குபவர் யார் என்னும் கேள்வி எழுகின்றது. இதற்குப் பல நாட்டார் கண்ட விடைகள், தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் நமக்கும் பயன் தருவன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது கடற்கடன். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகர வணிகர் கடன் பெற்றுச் சரக்கு ஏற்றினர். கப்பல் நலமாக மீண்டால் முதலும் வட்டியும் செலுத்த வேண்டும். மூழ்கினால் கடன் தீர்ந்துவிடும். கருங்கடல் வரை சென்று மீளும் பயணத்திற்கான ஒப்பந்தம் ஒன்றில் ஆயிரத்துக்கு 225 வட்டி என்றும், பருவம் தவறித் திரும்பினால் 300 என்றும் காண்கிறோம். அபாயம் மிகுந்தால் வட்டியும் மிகும் என்பதே இதன் கணக்கு. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் பாப்பிரஸ் ஏடு ஒன்று முசிறி வாணிகத்திற்கான கடன் ஒப்பந்தத்தைப் பற்றிக் கூறுகின்றது. அங்கே ஏற்றி வரும் சரக்கே கடனுக்கு ஈடு. இம்முறையில் அபாயம் கடன் கொடுத்தவர் தலைமேல் விழுந்தது. அதற்கு அவர் பெருவட்டி வாங்கினார்.

இரண்டாவது விடை இதனினும் நுட்பமானது. ரோட்ஸ் தீவினரின் வழக்கம் என்று போற்றப்பட்டு, கி.பி. 533இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இடம்பெற்றது அது. புயலில் கப்பலைக் காக்கும் பொருட்டு ஒருவருடைய சரக்கைக் கடலில் எறிந்தால், அந்த நஷ்டத்தை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இதை ஒரு கணக்கால் விளக்குவோம். கப்பலின் மதிப்பு ரூ. 60,000, சரக்குகளின் மதிப்பு ரூ. 40,000, ஆக ஒரு லட்சம். ஒரு வணிகரின் ரூ. 10,000 பெறுமான சரக்கு முழுவதும் எறியப்பட்டது. நஷ்டம் பத்தில் ஒரு பங்கு. ஆகவே கப்பல்காரர் ரூ. 6,000மும், தப்பிய ரூ. 30,000 சரக்குக்கு உரியவர்கள் ரூ. 3,000மும் தரவேண்டும். சரக்கை இழந்தவர் ரூ. 9,000 பெற்று, தம் பங்காக ரூ. 1,000 மட்டும் இழப்பார். இந்நெறி இன்றும் கப்பல் வாணிகத்தில் நிலவி வருகின்றது.

இதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறத்தலாகாது. பொது நன்மைக்காக மனமறிந்து இழந்த பொருளுக்கே பங்கீடு. தம் மூட்டையைச் சரியாகக் கட்டாமல் நனையவிட்டவர் பிறரிடம் ஈடு கேட்க முடியாது.

பின்னர் ஜெனோவா நகரில் 14ஆம் நூற்றாண்டில் இன்ஷூரன்ஸ் ஒப்பந்தங்கள் தோன்றின. 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பலருடைய பங்குப் பணத்தைத் திரட்டியது. ஒரு கப்பல் போனாலும் மற்றக் கப்பல்களின் ஆதாயம் ஈடு செய்யும். ஒருவரும் அடியோடு அழியார்.

அக்கம்பெனியின் முக்கியச் சரக்குகளில் ஒன்று எது? சோழமண்டலக் கரைத் துணி. 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கொண்ட டச்சுக்காரர், நம் நெசவாளர் நெய்த துணியைக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டு சென்று மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினர். கடலில் நேரும் நஷ்டத்தைப் பங்கிடும் ஏற்பாடு ஐரோப்பாவிலிருந்த பங்குதாரருக்கு இருந்தது. துணி நெய்தவருக்கோ அதில் இடம் இல்லை. வணிகர் வழியாக முன்பணம் பெற்றுத் தறியில் அமர்ந்தவர், நூல் விலையோ அரிசி விலையோ ஏறினால் அச்சுமையைத் தாமே சுமந்தார். தரம் போதாதென்று துணி தள்ளப்பட்டால் அதுவும் அவர் நஷ்டமே. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கம்பெனி அரசதிகாரமும் பெற்றபின், பிடிக்காத ஒப்பந்தத்தை உதறிச் செல்லும் உரிமையும் அவருக்குச் சுருங்கியது.

நஷ்டத்தைப் பங்கிடும் கூட்டத்தில் எவருக்கு இடம் இல்லையோ, அவர் தலையிலேயே நஷ்டம் வந்து விழும். இதுவே நாம் கற்கும் பாடம். கூட்டுறவுச் சங்கம் அந்த இடத்தை நமக்குத் தருகின்றது. நம் பங்குத் தொகையும், இலாபத்தில் ஒதுக்கும் சேமநிதியும் ரோட்ஸ் தீவினர் கணக்கின் மறுவடிவமே. துணி தேங்கும் காலத்திலும் மழை பொய்க்கும் ஆண்டிலும் ஒருவர் மூழ்காமல் பலர் தாங்குவதற்கே அந்நிதி. ஆனால் தவணையை வேண்டுமென்றே தவறுபவருக்கும், தரங்குறைந்த நெசவைச் சங்கத்தின்மேல் தள்ளுபவருக்கும் அது ஈடன்று. அன்னார் நனையவிட்ட மூட்டைக்குப் பங்கு கேட்பவர் போல்வர்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை படிக்கப்படும்போது, அங்கத்தினர் அனைவரும் சேமநிதி என்னும் வரியைக் கவனித்துக் கேட்பாராக. அது எவ்வளவு, எங்கே போடப்பட்டுள்ளது, எதற்குச் செலவாயிற்று என்று வினவுவது நம் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.