இருமுறை பெயர்ந்தோர்

உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்துள்ளது சிங்கரௌலிப் பகுதி. அங்கே 1962ஆம் ஆண்டு ரிகந்து அணை கட்டி முடிக்கப்பட்டது. ஊர்கள் நீரில் மூழ்கவே, மக்கள் மேட்டு நிலங்களில் குடியேறினர். அந்நிலங்களின் அடியிலோ நிலக்கரி இருந்தது! சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் எழுந்தன. பல குடும்பங்கள் மீண்டும் பெயர்ந்தன.

நில உரிமைச் சான்றாகிய பட்டாவை உடையோர் இழப்பீடு பெற்றனர். குத்தகைக்கு உழுதவர்க்கும் கூலியாட்களுக்கும் பட்டா ஏது? காட்டில் பொறுக்கிய இலுப்பைப்பூவும் பீடி இலையும், ஆடுமாடு மேய்ந்த பொதுநிலமும் கணக்கில் ஏறவில்லை. பெற்ற பணமும் செலவழிந்தால் தீர்ந்துவிடும். நிலமோ ஆண்டுதோறும் விளைவது.

இத்தகையோரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பங்கள்’ என ஏற்றது 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம். அணை எழுந்து அதற்குள் ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

சிந்தித்து எழுதுக: பட்டா இல்லாத குடும்பம் தான் இழந்ததை எவ்வாறு மெய்ப்பிக்கும்?