கணங்களைப் பிரித்தறிய எந்த அடிகோள்?

இரண்டு கணங்கள் ஒன்றா, வேறா? உறுப்புகளைப் பார்த்து முடிவு செய்யலாம் என்கிறது 1908-இல் எர்ன்ஸ்ட் செர்மெலோ வகுத்த முதல் அடிகோள்: உறுப்புகள் ஒன்றேயானால் கணங்களும் ஒன்றே. இதுவே போதும் என்று தோன்றலாம், போதாது. தன்னை மட்டுமே உறுப்பாகக் கொண்ட கணம் அ, ஆ-வும் அப்படியே. இரண்டும் ஒன்றா என்றறிய உறுப்புகளை ஒப்பிட வேண்டும். அந்த உறுப்புகளோ அ-வும் ஆ-வுமே. கேள்வி கிளம்பிய இடத்திலேயே வந்து நிற்கிறது. ஆகவே துணைக்கு இன்னோர் அடிகோள் வேண்டும். எதைப் பிரித்தறியப் போகிறோம் என்பதே அதைத் தீர்மானிக்க வேண்டும்.

எண்கள், சார்புகள், வெளிகள் என்று வழக்கமான கணிதம் செய்பவருக்கு, செர்மெலோ 1930-இல் தம் அமைப்பில் சேர்த்த அடித்தள அடிகோள் ஏற்றது. உறுப்புக்குள் உறுப்பாக இறங்கும் எந்தப் பாதையும் ஓரிடத்தில் முடிந்தே தீரும் என்கிறது அது. அ-வுக்கும் ஆ-வுக்கும் அங்கே இடமில்லை. ஒப்பீடு சுற்றிச் சுழலாது. முடிவின்றி ஓடும் கணினிச் செயல்முறைகளை ஆராய்பவருக்குச் சுழற்சிதான் பாடம். அவருக்கு உதவுவது பீட்டர் அக்ஸெல் 1988-இல் நூலாக விரித்த எதிர் அடித்தள அடிகோள். புள்ளிகளும் அம்புகளுமாக வரைந்த எந்தப் படத்திலும், அம்பு உறுப்பைச் சுட்டும்படி, புள்ளிகளுக்குக் கணங்களைப் பொருத்த ஒரே ஒரு வழி உண்டு என்பது அதன் சாரம். அதனால் அ-வும் ஆ-வும் ஒன்றாகிவிடும். ஒன்றையொன்று மட்டும் உறுப்பாகக் கொண்ட இரு கணங்களும் அதே கணத்தில் போய்ச் சேரும். மொரீஸ் பொஃபாவின் அடிகோளோ அ போன்றவை எண்ணற்று, வெவ்வேறாக இருக்க விடுகிறது.

பிரித்தறியவே முடியாதவற்றால் என்ன பயன் என்று கேட்கலாம். ஆபிரகாம் ஃபிராங்கல் 1922-இல் அவற்றைக் கொண்டே ஒரு பெரிய முடிவை எட்டினார். உறுப்பற்ற, ஆனால் வெற்றுக்கணம் அல்லாத மூலப்பொருள்களை முடிவிலா இணைகளாக அடுக்கினார். எந்த இணையிலும் ஒன்றைச் சுட்டிக்காட்ட வழியில்லாததால், ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்றைத் தேரும் சார்பு அவ்வுலகில் இல்லை. மூலப்பொருள்களை அனுமதிக்கும் அமைப்பில், அத்தகைய சார்பு எப்போதும் உண்டு என்னும் தேர்வு அடிகோளை மற்ற அடிகோள்களிலிருந்து பெற முடியாது என்பது இப்படித் தெளிவானது. இத்தகைய நிரூபணம் தேடுபவர் மூலப்பொருள்களை ஏற்கலாம். அப்போது முதல் அடிகோளைக் கணங்களுக்கு மட்டும் உரியதாகச் சுருக்க வேண்டும்.

அடித்தள அடிகோள் இத்தனை கதவுகளை அடைக்கிறதே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் அக்ஸெலின் உலகையும் மூலப்பொருள் உலகையும் அதற்குள்ளேயே மாதிரிகளாகக் கட்டிவிடலாம். எனவே அதிலிருந்து தொடங்குபவர் எதையும் இழப்பதில்லை. சுழற்சியோ மூலப்பொருளோ தேவைப்படும் நாளில் அவற்றை அங்கேயே கட்டிக்கொள்வார்.