ஓவர்டைம் கணக்கில் ஒரு புள்ளி



போன கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்து தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் நேரம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் பேக்கிங் வேலைக்குப் போகும் உறுப்பினர் ஒருவர் துண்டுச் சீட்டு ஒன்றை நீட்டினார். "ஆறு நாளும் ஒரு மணி இருபது நிமிஷம் கூட நின்னேன்க்கா. காசு கம்மியா இருக்கிற மாதிரி தோணுது."

சீட்டில் இருந்தது இதுதான்: 1.20 × 6 = 7.20 மணி. மணிக்கு 120 ரூபாய் வீதம் 864 ரூபாய்.

நாமும் முதலில் சரி என்றுதான் தலையாட்டினோம். பிறகுதான் உறைத்தது. ரூபாய்க்கு 100 பைசா. மணிக்கு 60 நிமிடம்தான். கால்குலேட்டருக்கு இது தெரியாது. 1.20 என்று தட்டினால் அது ஒரு மணியும், இன்னொரு மணியில் ஐந்தில் ஒரு பங்கும். அதாவது 1 மணி 12 நிமிடம். தினம் 8 நிமிட உழைப்பு அந்தப் புள்ளியிலேயே காணாமல் போகிறது.

முதலில் எல்லாவற்றையும் நிமிடமாக்க வேண்டும். 60 + 20 = 80 நிமிடம். 80 × 6 = 480. இதை 60-ஆல் வகுத்தால் 8 மணி. 8 × 120 = 960 ரூபாய். வாரத்துக்கு 96 ரூபாய் குறைவு. 52 வாரத்துக்கு 4,992 ரூபாய்! ஒரு பிள்ளைக்கு நோட்டு, பை, செருப்பு எல்லாம் வாங்கிவிடலாம்.

இந்த 60 என்பதுதான் மாற்றும் எண். மணியை நிமிடமாக்கப் பெருக்கு, நிமிடத்தை மணியாக்க வகு. நம் பாட்டிமார் நாழிகைக் கணக்கில் இருந்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை. நாம் சொல்வது 24 மணி, மணிக்கு 60 நிமிடம். எப்படிப் பெருக்கினாலும் நாளுக்கு 1,440 நிமிடம்தான்!

120 ரூபாய் எப்படி வந்தது? நாள் கூலி 480 ரூபாய், 8 மணி வேலை, ஆக மணிக்கு 60. ஓவர்டைமுக்கு அதில் இரண்டு மடங்கு. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே இதைச் சொன்னது. 2020-ல் வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இரட்டிப்புதான். ஒற்றைக் கூலி கொடுத்தால் கேளுங்கள்.

வட்டியிலும் இதே கதை. "வாரத்துக்கு நூத்துக்கு ரெண்டு ரூபாதானே" என்பார்கள். மாதத்துக்கு 4 வாரம், வருஷத்துக்கு 48 என்று போடாதீர்கள், 52 வாரம். நூற்றுக்கு 104 ரூபாய் வட்டி! முதலை விட அதிகம்.

அந்த உறுப்பினர் நிமிடக் கணக்கை எழுதி எடுத்துப் போனார். அந்த வாரத்து 96 ரூபாய் வந்துவிட்டது. பழைய பாக்கிக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த கூட்டத்துக்குள் போட்டுப் பாருங்கள்: தினம் 45 நிமிடம், 26 நாள். கால்குலேட்டர் 19.5 என்று காட்டும். அது 19 மணி 50 நிமிடமும் இல்லை, 19 மணி 5 நிமிடமும் இல்லை. பத்தொன்பதரை மணி.