கையில் ஒட்டாவிட்டால் காய்ந்துவிட்டதா?

பள்ளிகொண்டா டோல்கேட்டில் வரிசையில் நிற்கும் வேன்களின் கதவு ஸ்டிக்கர்களைக் கவனித்தால், சிலவற்றில் அடர் சிவப்பும் கறுப்பும் அடித்த ஓரங்கள் மட்டும் சுருண்டு தூக்கியிருக்கும். வெளிர் நிறப் பகுதி அப்படியே ஒட்டியிருக்கும். பழி வினைல் மீதோ, ஒட்டியவர் மீதோ விழும். பல நேரங்களில் காரணம் அச்சடித்த அன்றைய அவசரம்தான்.

நம்பிக்கை: தொட்டால் மை ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது.

உண்மை: காய்ந்தது மேல்பரப்பு மட்டும். இந்த ஸ்டிக்கர்களை அச்சடிக்கும் சால்வென்ட் மை வினைலை இளக்கி, அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. மழையில் கரையாமல் நிற்பதும் அதனால்தான். உள்ளே போன சால்வென்ட் மெதுவாகத்தான் ஆவியாகி வெளியேறும். அது முடிவதற்குள் மேலே லேமினேஷன் படலம் போட்டால் வழி அடைபடும். மிச்சமிருப்பது பின்பக்கப் பசையை இளக்கும், வினைல் சுருங்கும், ஓரம் தூக்கும், குமிழ் கிளம்பும். மை எங்கே அதிகமோ, அங்கேதான் முதலில் கெடும். லேமினேஷனுக்கு முன் குறைந்தது 24 மணி நேரம் ஆறவிட வேண்டும் என்பது வினைல் தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை. அடர்நிற வேலைக்கு 48 முதல் 72 மணி நேரம்கூட ஆகலாம்.

நம்பிக்கை: ராத்திரி முழுக்க ரோலாகச் சுற்றி வைத்தாலே ஆறிவிடும்.

உண்மை: இறுக்கிச் சுற்றிய ரோலில் ஆவி வெளியேற வழியே இல்லை. விரித்துத் தொங்கவிடுவது நல்லது. இடமில்லையென்றால், சுற்றுகளுக்கிடையே விரல் நுழையும் அளவு தளர்த்தி, கம்பி வலைத் தட்டின் மேல் ரோலை நிமிர்த்தி நிறுத்தி, அடியிலிருந்து ஃபேன் காற்றை விட வேண்டும். தோல் தொழிலைப் பார்த்து வளர்ந்த ஆம்பூர் வட்டாரத்துக்கு இது புதிதல்ல: ஃபினிஷிங்கில் ஸ்பிரே அடித்த தோலை யாரும் ஈரத்தோடு அடுக்குவதில்லை. காற்றோட்டத்தில் உலர்த்திய பிறகே அடுத்த வேலை.

நம்பிக்கை: வேலூர் வெயிலில் ஒரு மணி நேரம் போட்டால் போதும்.

உண்மை: 40 டிகிரியைத் தாண்டும் கோடை வெயிலில் வினைல் சுருங்கும், பின்தாள் வளையும், நெடுஞ்சாலைப் புழுதி மை மேல் படியும். மிதமான சூடு உதவும். ஆனால் ஆவியை அள்ளிக்கொண்டு போவது காற்றோட்டம்தான். பிரிண்டரின் ஹீட்டரை நம்பி உடனே லேமினேட் செய்வதும் தவறு. அது மையைப் பரவாமல் நிறுத்துமே தவிர, உள்ளே இறங்கிய சால்வென்ட் முழுவதையும் வெளியேற்றாது.

நம்பிக்கை: ஈகோ-சால்வென்ட் மையில் வாடை இல்லை, ஏ.சி. அறையே போதும்.

உண்மை: வாடை குறைவுதான், ஆவியாகும் வேகமும் குறைவு. அதனால் அதற்கும் பொறுமை வேண்டும். சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது. சால்வென்ட் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தங்கும். எக்ஸாஸ்ட் ஃபேனைத் தாழ்வாகப் பொருத்தினால் வேலைக்கும் நல்லது, நாள் முழுக்க அந்த அறையில் நிற்பவரின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் நல்லது.

கடைக்காரர்கள் ஆர்டர் எடுக்கும்போதே ஆறவிடும் நாளையும் சேர்த்து டெலிவரி சொல்ல வேண்டும். ஆர்டர் கொடுப்பவர்களும் மதியம் டிசைன் தந்து மாலையே ஒட்டச் சொல்லாதீர்கள். உண்மையிலேயே அவசரமென்றால் லேடெக்ஸ் பிரிண்ட் கேளுங்கள்; அந்த மை மெஷினுக்குள்ளேயே சூட்டில் இறுகிவிடுவதால் அன்றே லேமினேஷன் போடலாம்.